விருந்தாளி வாத்தியம்

எதைக் கண்டாலும் "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்பது நம் காலத்து வழக்கம். கேள்வி தவறல்ல. பதிலை ரூபாயிலும் மதிப்பெண்ணிலும் மட்டும் எதிர்பார்ப்பதுதான் தவறு. பியானோப் பயிற்சியும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை.

நம் காதுக்குப் பியானோ குறையுள்ள வாத்தியம். அதன் 88 கட்டைகளுக்கும் சுருதி முன்பே தீர்மானமாகிவிட்டது. சுத்தியல் தந்தியைத் தொட்டு விலகியபின் ஸ்வரத்தை அசைக்க முடியாது. அசையாத காந்தாரத்தை வைத்துக்கொண்டு தோடி பாட முடியுமா? கமகத்துக்கு இடமில்லை என்ற குற்றத்துக்காகவே 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தள்ளிவைத்தது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. வயலினும் மேல்நாட்டுச் சரக்குதான். ஆனால் அதில் விரல் வழுக்கும். ஆகவே பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்திலிருந்து அது நம் வீட்டு மருமகளாகிவிட்டது. பியானோ இன்னும் விருந்தாளிதான்.

விருந்தாளியிடம் நம் வீட்டுச் சமையலைக் கேட்கக் கூடாது; அவர் ஊர் விசேஷத்தைத்தான் கேட்க வேண்டும்.

அந்த விசேஷம் இரண்டு கைகளில் இருக்கிறது. வலக்கை ஒன்று சொல்லும். இடக்கை வேறொன்று சொல்லும். ஒன்று பேசும்போது மற்றது ஓசையைத் தணித்துக்கொள்ள வேண்டும், ஆனால் ஊமையாகிவிடக் கூடாது. 1700 வாக்கில் கிறிஸ்டோஃபோரி என்ற இத்தாலியர் இதைச் செய்ததே, விரலின் அழுத்தத்துக்கேற்ப மெல்லவும் உரக்கவும் ஒலிக்க வேண்டும் என்பதற்காகத்தான். 'பியானோ' என்ற இத்தாலியச் சொல்லுக்கே 'மெல்ல' என்று பொருள்.

அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தம் பத்து வயதுப் பெண்ணின் பியானோ வகுப்பை நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்டார். பரீட்சையில் மதிப்பெண் குறைந்துவிட்டதாம். கஷ்டப்பட்டுச் சம்பளம் கட்டுகிறவர்; கேட்க உரிமையுள்ளவர். "லேத்தில் உங்கள் இரண்டு கையும் ஒரே வேலையா செய்கின்றன?" என்றேன். "இல்லை ஸார். ஒரு கை தள்ளும், ஒரு கை ஆழம் வைக்கும். சரியாகப் போகிறதா என்று காதுதான் சொல்லும்" என்றார். அவர் பெண் கற்பதும் அதுதான் என்றேன். அவர் யோசித்தார்.

லண்டன் டிரினிடி கல்லூரி எட்டுப் படிகளில் பரீட்சை நடத்துகிறது. அதில் தீங்கில்லை. பரீட்சைப் பாட்டுகளை மட்டும் வருஷம் முழுவதும் உருப்போட்டுச் சான்றிதழுக்குச் சட்டம் போடுவதில்தான் தீங்கு. 2019-ல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றது நமக்கெல்லாம் பெருமை. ஆயினும் பரிசு ஒன்றே பயன் என்றால், பியானோ கற்கும் மற்றக் குழந்தைகளின் உழைப்பெல்லாம் வீண் என்றல்லவா ஆகும்?

வீணல்ல என்பது என் துணிபு. தான் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குரலுக்கும் காது கொடுப்பது பெரியவர்களுக்கே வாய்க்காத குணம். நம் வீடுகளிலும் சபைகளிலும் அது எவ்வளவு அருமை என்பது நமக்குத் தெரியும். அதை விரல்களின் வழியே ஒரு குழந்தை பழகுமானால், கட்டிய சம்பளம் வசூலாகிவிட்டது என்றே கொள்ளலாம்.