விருந்தாளியா, வீட்டுப் பிள்ளையா?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான்காம் நாளும் போக்கிடமில்லாமல் நிற்பவரை என்ன பெயர் சொல்லி அழைப்பது? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், லூவிஸ்டன் என்ற ஆலை நகரத்துக்கு 2001-இல் வந்தது இந்தக் கேள்வி.

உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடிவந்த சோமாலியக் குடும்பங்கள் அந்த ஆண்டில் அங்கே குடியேறத் தொடங்கின. சுமார் 36,000 பேர் வாழ்ந்த ஊர். பெரும்பாலும் வெள்ளையர், அவர்களில் கத்தோலிக்கர் நிறைய. 2002-இல் மேயரே, இனி உங்கள் ஆட்கள் வருவதைக் குறையுங்கள் என்று சோமாலியருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2006-இல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் ஒருவன் பன்றித் தலையை உருட்டிவிட்டான்.

அந்த ஊர்க்காரர்களின் பாட்டன்மாரும் வந்தேறிகள்தாம். கியூபெக்கிலிருந்து நெசவாலை வேலைக்கு வந்து, வீட்டில் பிரெஞ்சு பேசியவர்கள். 1919-இல் மெய்ன் அரசு ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. 1920-களில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கத்தோலிக்கரைக் குறிவைத்தது. பட்ட அவமானம் மறக்க இரண்டு மூன்று தலைமுறை போதும் போலிருக்கிறது.

வந்தவரை எப்படி நடத்துவது என்பது பழைய கேள்விதான். 1795-இல் தத்துவஞானி கான்ட், அந்நிய மண்ணில் கால்வைப்பவனைப் பகைவனாக நடத்தக் கூடாது என்றார். ஆனால் தங்கும் உரிமையை அவர் தரவில்லை. விவிலியத்தின் லேவியராகமம் அதைவிட வெகுதூரம் போகிறது. எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்ததை நினைத்து, வந்தவனை உள்ளூரில் பிறந்தவனைப் போலவே நடத்தச் சொல்கிறது. கத்தோலிக்க ஊருக்கு இது தெரியாத வேதமல்ல.

லூவிஸ்டனின் சோமாலியப் பிள்ளைகளுக்கோ இது தத்துவமல்ல, அன்றாடம். 2010, 2011-இல் ரமலான் ஆகஸ்டில் வந்தது. அவர்கள் ஆடிய பள்ளிக் கால்பந்து அணியின் பயிற்சியும் ஆகஸ்டில்தான். நோன்பிருக்கும் பையன் ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லாமல் வெயிலில் ஓட வேண்டும். ஓடினார்கள், நோன்பையும் விடவில்லை, பந்தையும் விடவில்லை. அவர்களைப் புரிந்துகொள்ள, பயிற்சியாளர் மைக் மெக்ராவும் புதிதாகப் பாடம் படித்தார். வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து, 'சகோதரர்களே, ஒன்றாய்' என்று பொருள்படும் சுவாஹிலி முழக்கத்தோடு மைதானத்தில் இறங்கினார்கள். 2015 நவம்பரில் ஸ்கார்பரோ பள்ளி அணியை 1-0 என வென்று மாநிலக் கோப்பையைத் தூக்கினார்கள். ஊரே கொண்டாடியது.

இங்கேதான் மனம் உறுத்துகிறது. கோல் போட்டவனை நம்ம பையன் என்பது எளிது. பந்தே தொடாத பையனும், வகுப்பின் கடைசி வரிசையில் ஹிஜாப் அணிந்து மௌனமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணும் எதை ஜெயித்துக் காட்ட வேண்டும்? ஸ்கார்பரோ அன்று ஜெயித்திருந்தாலும், அவர்கள் லூவிஸ்டன் பிள்ளைகள்தாம்.