பாடாத சுரம்

எட்டுப் பாடல்கள் கொண்ட என் இறுவட்டை வீட்டின் பின்னறையிலேயே ஒலிப்பதிவு செய்தேன். கலையகத்துக்குக் கொடுக்கப் பணமில்லை; இதில் கொள்கை எதுவுமில்லை. சுவரில் மெத்தையைச் சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, இஷாவுக்குப் பின் தெரு அடங்கும்வரை காத்திருந்து பாடுவேன். கணினியில் என் தங்கையின் மகன்.

மூன்றாவது பாடலில் மேல் ஸ்தாயிக்குப் போகும் ஒரு வரி. ஐம்பத்தெட்டு வயதுத் தொண்டைக்கு அது எட்டவில்லை. பதினொரு தடவை பாடினேன். பதினொன்றிலும் சுருதி சற்றுக் கீழேதான் நின்றது. "விடுங்க மாமா, நான் சரிப்படுத்துறன்" என்றான். மறுநாள் கேட்டேன். குரல் என்னுடையது, சுரம் நான் பாடாதது. அழகாகவே இருந்தது. அதுதான் தொந்தரவு.

1982இல் வெளிவந்த புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'வைச் சிலர் எனக்கு உதாரணம் காட்டினார்கள். நான்கு தடப் பதிவுக் கருவியில் வீட்டில் பாடியதைப் பின்னர் குழுவினரோடு கலையகத்தில் பதிந்து பார்த்தார், சரிவரவில்லை. சட்டைப்பையில் கொண்டு திரிந்த அந்த ஒலிநாடாவே இசைத்தட்டானது. ஆனால் அதிலும் எதிரொலிக் கருவியின் பூச்சு உண்டு. ஒலிவாங்கியை வாய்க்கு எவ்வளவு அருகில் வைப்பது என்று தீர்மானிக்கும்போதே நாம் கைவைக்கத் தொடங்கிவிடுகிறோம். தீண்டப்படாத பதிவு என ஒன்று இல்லை.

1964இல் மேடையை விட்டே விலகிய பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் இன்னும் துணிச்சலானவர். பாஃகின் ஒரு ஃபியூகை வாசித்த பதிவுகளில் ஆறாவதையும் எட்டாவதையும் வெட்டி ஒட்டினார். தனித்தனியே இரண்டும் அலுப்பூட்டின. சேர்ந்தபோது உயிர் வந்தது. இதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். எனக்கு இதில் குற்றம் தெரியவில்லை. பத்துத் தடவை திருத்திய கவிதையை அச்சிடும் கவிஞரை யாரும் பொய்யர் என்பதில்லையே. (நம்மவர் சிலர் ஒரு தடவையாவது திருத்தலாம்.)

ஆனால் கூல்ட் ஒட்டிய இரண்டும் அவர் விரல்கள் வாசித்தவை. 1997இல் வந்த ஓட்டோ டியூன் போன்ற மென்பொருள்கள் செய்வது வேறு. என்னிடம் இல்லாத சுரத்தை எனக்குத் தந்து, இருந்ததாகக் கேட்பவரிடம் சொல்கின்றன. கேட்பவர் ஏமாறுவதைத் தெரிந்தே செய்யும் கலைஞர்களும் உண்டு. அங்கே அந்த இயந்திரக் குரலே அலங்காரம், அதை யாரும் மறைப்பதில்லை. நானோ மறைக்கப் பார்த்தேன்.

வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. மழையில் நனைந்த வெங்காயத்தை மூட்டையின் அடியில் தள்ளிய பையனை அழைத்து, அதை மேலே எடுத்துப் போடச் சொன்னார். அன்று அந்த மூட்டை விலைபோகவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை, உம்மாதான் இரண்டு நாள் முணுமுணுத்தார்.

பாடலை ஒரு கட்டை இறக்கி மீண்டும் பாடினேன். இப்போது அந்த வரி எட்டுகிறது. ஆனால் முன்பிருந்த துடிப்பு இல்லை. பல்லவி தொண்டைக்குள் புதைந்து கிடக்கிறது. "முந்தினதுதான் நல்லா இருந்தது மாமா" என்கிறான் பையன். அவன் சொல்வது சரி.

இறக்கிப் பாடியதையே இறுவட்டில் சேர்த்தேன். மற்றது அவன் கணினியில் இருக்கிறது. அதை அழித்துவிடு என்று சொல்ல மட்டும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.