மறத்தலும் மன்னித்தலும்: டிக்கன்ஸின் இளமைத் துயர்

தீங்கு செய்தவரைப் பொறுத்துக்கொள்வதைக் காட்டிலும் அத்தீங்கை மறந்துவிடுவதே மேலானது என்று திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம் கருதுகிறது. ஆயினும், மன்னிப்பு என்பது தீங்கைத் தீங்கென்று அறிந்தபின் பகையைக் கைவிடும் செயலாதலால், நினைவே அழிந்த நெஞ்சில் மன்னிப்பதற்கு எதுவும் எஞ்சாது என்ற மறுப்பும் வலுவானதே. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் (1812–1870) தம் வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டாம் நிலையிலேயே நின்றார்.

கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுத்தராயிருந்த அவருடைய தந்தை சாத்தம் நகரில் பணியாற்றியபோது, வில்லியம் ஜைல்ஸ் என்ற இளம் ஆசிரியரிடம் சிறுவன் விருப்பத்தோடு பயின்றான். 1822-இல் குடும்பம் லண்டனுக்குப் பெயர்ந்ததும் படிப்பு நின்றது. 1824-இல், தேம்ஸ் கரையில் எலிகள் நிறைந்த பழைய கட்டடமொன்றில் இயங்கிய காலணி மைத் தொழிற்சாலைக்கு, வாரம் ஆறேழு ஷில்லிங் கூலிக்கு, பன்னிரண்டு வயதில் அவன் அனுப்பப்பட்டான். மைக்குடுவையின் வாயை எண்ணெய்த் தாளாலும் அதன்மேல் நீலத் தாளாலும் மூடி, நூலால் இறுகக் கட்டி, தாளின் ஓரத்தைச் சுற்றிலும் சீராக நறுக்கி, பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவன் வேலை. சில நாள்களில் தந்தை மார்ஷல்ஸீ சிறையில், அதாவது கடனைத் திருப்பித் தர இயலாதவரை அடைத்துவைக்கும் சிறையில், அடைக்கப்பட்டார். அக்காள் ஃபேனியோ அப்போது இசைக் கல்விக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தாள்.

தந்தை விடுதலையானபின், ஆலையை நடத்திய உறவினரோடு ஏற்பட்ட பிணக்கால் மகனை அங்கிருந்து விலக்கிப் பள்ளிக்கு அனுப்ப முடிவு செய்தார். தாய் எலிசபெத்தோ சமாதானம் பேசி அவனை மீண்டும் வேலைக்கு அனுப்பவே முயன்றார். பிரம்படிக்குப் பேர்போன தலைமையாசிரியரின் பள்ளியில் படிப்பு தொடர்ந்தது என்றாலும், தாயின் அந்த விருப்பம் மகன் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று. நண்பர் ஃபார்ஸ்டரிடம் அளித்த தன்வரலாற்றுக் குறிப்பில், தமக்கு மனக்கசப்பு இல்லை என்றும், ஆனால் அதை ஒருபோதும் மறக்க இயலாது என்றும் டிக்கன்ஸ் எழுதினார். வாசகர் உலகம் இதை அறிந்தது அவர் மறைவுக்குப் பிறகே.

1848-இல் அவர் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில், துயர நினைவுகளை ஒழிக்கும் வரம் பெற்ற ரெட்லா என்ற வேதியியல் பேராசிரியர், அவற்றோடு இரக்கத்தையும் இழந்து, தாம் நெருங்குவோரிடமும் அந்த வறட்சியைப் பரப்புகிறார். பிறர் வலியை உணர்வதற்குத் தன் வலியின் நினைவு வேண்டும் என்ற இக்கருத்து ஆழமானது. ஆனால் அது பாதி உண்மையே. ஆலையில் சிறுவனுக்கு விலாவலி கண்டபோது வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்து, வெறும் மைப்புட்டிகளில் வெந்நீர் நிரப்பி ஒத்தடம் கொடுத்தவன் பாப் ஃபேகின் என்ற அனாதைச் சிறுவன். பின்னாளில் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் சிறுவரைத் திருட்டுக்குப் பழக்கும் கொடியவனுக்கு வைக்கப்பட்டது அவன் பெயரே. பெற்ற உதவியைக்கூட அவமானத்தின் நிறத்தில் தோய்த்துக் காட்டவல்லது நினைவு என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

நினைவு இரக்கமாக மலர வேண்டுமானால், தீங்கிழைத்தவரின் நெருக்கடியும் அதில் இடம்பெற வேண்டும். கடனில் மூழ்கிய வீட்டில், பல பிள்ளைகளோடு தவித்த ஒரு தாய்க்கு அந்த ஆறேழு ஷில்லிங் எவ்வளவு பெரிது என்பதை டிக்கன்ஸ் தம் குறிப்பில் எடைபோடவில்லை. கதைமாந்தர் பலருக்குத் தாராளமாக வழங்கிய அந்தப் பரிவு எலிசபெத்துக்கு அங்கே கிடைக்கவில்லை.