ஸ்க்ரூடிரைவரை யாரிடம் நீட்டினேன்?

நண்பன் வேலை பார்க்கும் ஐடிஐயில், கோபா பிரிவுக்கு ஒருநாள் வகுப்பெடுக்கப் போனேன். பத்தாவது முடித்தவர்கள் சேரும் ஓராண்டு கம்ப்யூட்டர் படிப்பு. எதிர்ப் பட்டறையில் ஃபிட்டர் பிரிவு, எல்லாரும் பையன்கள். இங்கே பாதிக்கு மேல் பெண்கள். "நிழல்ல உக்காந்து செய்யுற வேலைடா, பொண்ணுங்களே விரும்பித்தான் சேர்றாங்க" என்றான்.

செய்முறைக்கு ஒரு பழைய சிபியூ. ஸ்க்ரூடிரைவரை ஒரு பையனிடம் நீட்டினேன். பக்கத்திலிருந்த பெண்ணிடம், "நீ ஸ்டெப்ஸ எழுதிக்கோம்மா" என்றேன். யோசித்துச் செய்யவில்லை. சிக்கலே அதுதான்.

ரேமை மாட்டியதும் பீப், பீப். மூன்றாவது தடவை அந்தப் பெண் நோட்டிலிருந்து நிமிராமலே சொன்னாள்: "சார், கிளிப் இன்னும் பூட்டல."

1946இல் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு புரோகிராம் எழுதியவர்கள் ஆறு பெண்கள். இயந்திரத்தைக் கட்டுவதுதான் பெரிய வேலை, புரோகிராம் எழுதுவது குமாஸ்தா வேலை என்று அன்று நினைத்தார்கள். பிறகு புரோகிராமுக்கு மதிப்பும் சம்பளமும் ஏறின. அது ஆண்களின் வேலையாகிவிட்டது. 'பெண்களுக்கு ஏற்றது' என்பது வேலையின் குணமல்ல, அதற்கு நாம் ஒட்டும் விலைச்சீட்டு.

விருப்பத்தை மதிக்கத்தான் வேண்டும். யாரையும் பிடித்து ஃபிட்டர் பட்டறைக்குத் தள்ள முடியாது. ஆனால் கையில் கொடுத்தே பார்க்காத ஒன்றை 'அவளுக்கு விருப்பமில்லை' என்று எப்படிச் சொல்வது? அது அவளுடைய விருப்பமா, என் பழக்கமா?

மதியம் வரிசைப்படி ஸ்க்ரூடிரைவரைக் கைமாற்றினேன். அவள் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது.