நோவே மருந்தாகுமா?

துருக்கி மக்கள் பாடும் பக்திப் பாடல்களுக்கு 'இலாஹி' என்று பெயர். அவற்றில் இரண்டு சொற்கள் மீண்டும் மீண்டும் வரும்: தெர்த், தெர்மான். முன்னது நோவு, பின்னது மருந்து. உர்தூ அறிந்த நம் வாசகர்களுக்கு 'தர்து' என்றாலே விளங்கிவிடும்.

எந்த நோவு? ரப்பைப் பிரிந்திருக்கிறோம் என்னும் ஏக்கம்தான். 1243-இல் கோஸெதாக் போரில் மங்கோலியரிடம் ஸல்ஜூக்கியர் தோற்ற பிறகு, அனத்தோலியா நாடு பட்டபாடு கொஞ்சமன்று. அந்தத் தலைமுறைகளின் நடுவே வாழ்ந்தவர் யூனுஸ் எம்ரே. கற்றோர் அரபியிலும் பாரசீகத்திலும் எழுதிக்கொண்டிருக்க, இவர் குடியானவனுக்குப் புரியும் துருக்கியில் பாடினார். தம் ஷெய்கு தப்துக் எம்ரேயின் தைக்காவுக்கு நாற்பது ஆண்டுகள் விறகு சுமந்தார், அதில் ஒரு கோணல் கட்டைகூட இருந்ததில்லை என்பார்கள். (நாற்பது என்பது கதை சொல்லிகளின் கணக்காகவும் இருக்கலாம்.)

பின்னாளில் வந்தவர் நியாஸீ மிஸ்ரீ. 1618-இல் மலாத்யாவில் பிறந்து மிஸ்ரில் ஓதியதால் அப்பெயர் பெற்றவர். நாடு கடத்தப்பட்டு, லிம்னி தீவில் 1694-இல் வஃபாத்தானார். நோவுக்கு மருந்து தேடி அலைந்து, முடிவில் அந்த நோவையே மருந்தாகக் கண்டதாக அவர் பாடினார்.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. நோவே மருந்தென்றால், பிணியாளியைப் பார்த்து "ஸபூர் செய்" என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து வந்துவிடலாமா? அப்படிச் செய்வோரும் இருக்கிறார்கள். அது ஸபூரன்று, சோம்பல். மருத்துவம் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். இலாஹி பாடிய அதே சமுதாயம்தான் எதிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீதின் காலத்தில், 1488-இல், பெரிய மருத்துவசாலை ஒன்றைக் கட்டி முடித்தது. வாரம் மூன்று நாள் பாடகரும் வாத்தியக்காரருமாகப் பத்துப் பேர் நோயாளிகள் முன் இசைத்தார்கள் என்று 17-ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதி வைத்துள்ளார். மருந்தும் கொடுத்தார்கள், இசையும் கொடுத்தார்கள். ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாக வைக்கவில்லை.

யஃகூப் நபி (அலை) அவர்களின் நிலையும் இதுவே. மகன் பிரிவால் அழுதழுது கண்கள் வெளுத்தன. முறையிட்டது அல்லாஹ்விடம் மட்டுமே. ஆயினும் யூஸுஃபைத் தேடிப் போங்கள் என்று பிள்ளைகளை அனுப்பவும் அவர்கள் தவறவில்லை. ஏக்கம் அவர்களை முடக்கிப் போடவில்லை. நம்பிக்கை இழக்காமல் வைத்திருந்தது.

1925-இல் துருக்கி அரசு தைக்காக்களை மூடிற்று. பாட்டு மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது. மவ்த்தான வீட்டில் நாற்பதாம் நாள் மவ்லிது ஓதும்போது இடையிடையே இலாஹி பாடுவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அங்கே இருப்பாள். அழாதே என்று அவளை யாரும் தடுப்பதில்லை. அவள் அழுகைக்கு ஒரு ராகம் கொடுத்து, அது யாரை நோக்கிப் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.