நாணய வணிகத்தில் நாணயம்

நாணயம் என்னும் தமிழ்ச்சொல் காசையும் குறிக்கும். வாய்மை தவறாத நடத்தையையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒரே கடையில் எதிரெதிரே நிற்கும் வேளை ஒன்றுண்டு. மாமியார் காலத்துப் பெட்டியிற் கிடந்த வெள்ளி ரூபாய்களைக் கைம்பெண் ஒருத்தி துணியில் முடிந்து கொணர்ந்து, பழங்காசு வணிகர் முன் அவிழ்த்து வைத்து, “ஐயா, இவை என்ன பெறும்?” என்று கேட்கும் வேளையே அது. அதற்கு அவர் உரைக்கும் விடையின் அறம் யாது என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்புவது.

வெள்ளையர் ஆட்சிக்கால ரூபாயின் எடை 11.66 கிராம். அதிற் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-இல் அறவே நீங்கி, நிக்கல் ரூபாய் வந்தது. ஆகவே அன்றைய வெள்ளி விலையை அறிந்தவர் எவரும் காசின் உலோக மதிப்பைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆனால் 1939 என்று பொறித்த ரூபாய் அகப்படுவது மிக அரிது. சேகரிப்போர் அதற்கு வெள்ளி விலையினும் பன்மடங்கு தருவர். எடையிலும் உலோகத்திலும் 1938-ஆம் ஆண்டு ரூபாயினின்று அது வேறன்று. ஆண்டின் இறுதி இலக்கம் ஒன்றே வேறு. அவ்விலக்கத்தின் பொருளை வணிகர் அறிவார், அப்பெண் அறியாள்.

வணிகர் குறைத்து வாங்குவதே குற்றம் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கடை வாடகை உண்டு. போலிக் காசை வாங்கி ஏமாறும் இடர் உண்டு. வாங்கிய காசு ஆண்டுக்கணக்கில் விலைபோகாமல் முடங்கிக் கிடப்பதும் உண்டு. எங்கும் கிடைக்கும் செப்புக் காசை நூறு ரூபாய்க்கு விற்பவர் அதனை நாற்பதுக்கு வாங்கினால் அதிற் கொடுமை இல்லை. பலரும் தேடும் அரிய காசோ விரைவில் விலைபோகும். ஆதலின் அதற்குக் குறைந்த ஊதியமே போதுமானது. மேலும், வீட்டார் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்போரிடம் மதிப்புக் குறைவு. அக்குறையைச் சொல்லி விலையைத் தாழ்த்துவதும் முறையே. பழங்காசெல்லாம் இலட்சம் பெறும் என்ற மயக்கத்தை வளர்த்து மக்களிடம் கட்டணம் பறிப்போரைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரிக்கை விடுத்தது. “அம்மா, இதற்கு வெள்ளி விலைக்கு மேல் இல்லை” என்று உள்ளதை உரைக்கும் வணிகர் அப்பெண்ணுக்கு நன்மையே செய்கிறார்.

அங்ஙனமாயின் குற்றம் எங்கே தொடங்குகிறது? “நான் இருபது ஆண்டு முயன்று பெற்ற அறிவை இலவசமாக ஏன் வழங்கவேண்டும்?” என்று வணிகர் வினவலாம். சட்டமும் ஓரளவு அவர் பக்கமே நிற்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வெறும் மௌனம் வஞ்சனையாகாது என்கிறது. வணிகர் இருவருள் ஒருவர் விலைமாற்றத்தைத் தனியே அறிந்திருப்பினும் மற்றவர்க்கு அதனை அறிவிக்கக் கடமைப்பட்டவரல்லர் என்று எடுத்துக்காட்டும் தருகிறது. ஆயினும், பேசவேண்டிய கடமை உள்ள இடத்தில் மௌனம் அவ்வாறு மன்னிக்கப்படுவதில்லை என்றும் அதே பிரிவு கூறுகிறது. பருவம் எய்திய தன் மகளுக்குக் குறையுள்ள குதிரையை விற்கும் தந்தை அதற்கு எடுத்துக்காட்டு. கைம்பெண்ணின் நிலை இவ்விரண்டில் எதனை ஒத்தது? அவள் வணிகருள் ஒருத்தியல்லள். “என்ன பெறும்?” என்று கேட்டபோதே அவரை மதிப்பீட்டாளராகவும் கொண்டுவிட்டாள். அவ்வினாவை ஏற்று விடை கூறியவர், பின்னர் ‘நான் வாங்குபவன் மட்டுமே’ என்று ஒதுங்குதல் இயலாது. அறிவுக்குக் கூலி வேண்டுமெனில் வெளிப்படையாகக் கேட்டுப் பெறட்டும்.

நாம் ஏற்றுள்ள இரண்டாம் சீலம், கொடுக்கப்படாததைக் கொள்ளாமை. திருடாமை என்று இதனைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம்; அதன் சொற்பொருள் அதனினும் விரிந்தது. அப்பெண் தன் கையாலேயே காசைக் கொடுத்தாள் என்பது உண்மை. ஆனால் அவள் கொடுத்தது யாது? வெள்ளியை அறிந்து கொடுத்தாள்; அருமையை அவள் கொடுக்கவில்லை, தன்னிடம் அது இருந்ததையே அறியாதவள் எங்ஙனம் கொடுப்பாள்?

சேரிவாணிஜ ஜாதகம் இவ்விடத்தை நன்கு விளக்குகிறது. நொடித்துப்போன செல்வர் குடியில் எஞ்சிய பாட்டியும் பேர்த்தியும் அழுக்கேறிய கிண்ணம் ஒன்றை ஊசியும் மணியும் விற்பவனிடம் நீட்டுகின்றனர். அவன் பின்புறத்தில் ஊசியாற் கீறிப் பார்த்துப் பொன்னென்று அறிந்தும், அரை மாசகமும் பெறாது என்று எறிந்துவிட்டுப் போகிறான். பின்வந்த போதிசத்துவராகிய வணிகரோ, இது இலட்சம் பெறும், அத்துணைப் பொருள் என்னிடம் இல்லை என்கிறார். அவர்கள் இயன்றதைத் தரச்சொல்ல, கையிலிருந்த 500 கஹாபணத்தையும் 500 பெறுமான சரக்கையும் தந்து, எட்டுக் கஹாபணத்தை மட்டும் வைத்துக்கொண்டு செல்கிறார். படிப்போர் பலர் கவனியாத செய்தி ஒன்று இதில் உண்டு. அவர் கொடுத்தது மதிப்பில் நூறில் ஒரு பங்கே! எனினும் கதை அவரைப் பழிக்கவில்லை. மதிப்பை முன்னரே உரைத்தார். அறிந்தே அவர்கள் இசைந்தனர். விலையின் அளவைக் காட்டிலும், உரைத்த சொல்லின் மெய்ம்மையே அங்கு எடைபோடப்பட்டது.

எனினும் நமக்கு ஓர் ஐயம் எஞ்சுகிறது. மாலைக்குள் அரிசி வாங்கியாக வேண்டியவளின் இசைவை முழு இசைவென்று கொள்ளலாமா? உண்மையை உரைத்துவிட்டு, அவளாற் காத்திருக்க இயலாது என்பதை அறிந்து அடிமாட்டு விலை பேசுவோரும் உளர். இதற்கு வணிகர் கையிலேயே வழியுண்டு: இன்று ஒரு தொகையைத் தந்து, காசு விற்றபின் எஞ்சிய பங்கைத் தருவதாக எழுதிக்கொடுத்தல். நல்ல வணிகர்க்கு இது அரிதன்று.

விற்கச் செல்லும் நம் குடும்பத்தார்க்கும் ஒன்று கூறுவோம். காசைத் தேய்க்காதீர்கள், இரண்டு கடைகளிலேனும் காட்டுங்கள், பற்றுச்சீட்டில் ‘பழைய வெள்ளி’ என்று மட்டும் எழுத விடாமல், ஒவ்வொரு காசின் ஆண்டையும் எழுதித் தருமாறு கேளுங்கள். அதற்குத் தயங்கும் கடையில் முடிச்சை மீண்டும் கட்டிக்கொண்டு எழுந்து வருவதில் தவறில்லை.