விதியா? வியாதியா?

நீலமலையின் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860களில் சிங்கோனா மரங்கள் நடப்பட்டன. அவற்றின் பட்டை தந்த கொயினா, குளிர்காய்ச்சலைத் தணித்தது. "பேய் பிடித்தது" என்று வேப்பிலை அடித்த கை மெல்லத் தாழ்ந்தது. அக்காய்ச்சலின் கிருமியை லாவரான் மனிதக் குருதியில் கண்டது 1880இல். ராஸ் கொசுவின் உடலில் கண்டது 1897இல். மருந்து முந்திற்று; காரணம் பிந்திற்று.

உடற்காய்ச்சலிலிருந்து விரட்டிய பேயை, மனநோயில் மட்டும் ஏன் குடியிருக்க விடுகிறோம்? கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, காரணமறியா அச்சத்தில் ஒடுங்குகிறாள். "காற்றுச் சேட்டை" என்கிறார் பூசாரி. "சோம்பல்" என்கிறார் மேஸ்திரி. "தலைவிதி" என்கிறது ஊர். "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்கிறோம், படித்தவர்களாகிய நாம்! காலொடிந்தவனிடம், "நடக்க உறுதிகொள்" என்போமா?

மனச்சோர்வும் பதற்றமும் நோய்கள். அவற்றுக்கு மருந்து உண்டு. 1952இல் காசநோயாளிகளுக்குக் கொடுத்த இப்ரோனியசிட், அவர்தம் மனச்சோர்வையும் அகற்றக் கண்டனர். அதன்பின் பல்லாண்டுகள், நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் செரோட்டோனின் போன்ற பொருள்களையே மருந்துகள் இலக்காகக் கொண்டன. பலர் நலம் பெற்றனர். ஆயினும் பயன் தெரிய வாரங்கள் ஆயின. சிலருக்குப் பயனே இல்லை. எனவே ஆய்வாளர் புதிய இலக்குகளை நாடினர். குளூட்டமேட் என்னும் பொருளை ஏற்கும் நரம்பு வாயிலைக் குறிவைக்கும் எஸ்கெட்டமினுக்கு 2019இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. காபா என்னும் பொருளின் வாயிலில் செயற்பட்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைத் தணிக்கும் சூரனோலோனுக்கு 2023இல் அளித்தது.

அப்படியானால், துயரமெல்லாம் மூளையின் இரசாயனக் கோளாறுதானா? அவசரம் வேண்டாம், தோழர்களே! கொயினாவால் காய்ச்சல் தணிந்தது. அதனால் கொயினாக் குறைவே காய்ச்சலுக்குக் காரணம் என்றாகுமா? மாத்திரையைப் புதிய மாரியம்மன் ஆக்குவதும் மடமையே!

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம், இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கு என்று எண்ணிப் பிரித்தது. வந்தோரில் பலருக்கு நீலமலைத் தேயிலைத் தோட்டங்களே புகலிடமாயின. பிறந்த மண்ணை இழந்தவரின் துயருக்கு இலக்கு மூளையில் மட்டுமா இருக்கிறது?

"வறுமை ஒழியட்டும், மனநோய் தானே ஒழியும்" என்பர் நம்மவர் சிலர். குட்டை வற்றும்வரை காய்ச்சற்காரன் காத்திருப்பானா? "மருந்துதான் கொடுத்தாயிற்றே" என்று கூலியை மறப்பர் முதலாளிகள். குட்டை இருக்கும்வரை கொசு ஓயுமா? கொயினாவும் வேண்டும், குட்டையும் தூர்க்கப்பட வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது அறமன்று.

அரசு மருத்துவத்தில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அந்தத் தாயைப் பூசாரியிடமிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். திரும்பி வரும் வழியில், அவள் கூலியைப் பற்றியும் கேட்போம்!